வானொலியும் நம்மவர் இசைச் சுவையும்

மக்கள் விரும்பும் இசை எது என்று வினவுவோர், அவ்விசையை மக்கள் செவிக்குக் கொண்டுவந்து சேர்த்தவர் யாவர் என்பதை முதற்கண் ஆராய்தல் வேண்டும். சுவை என்பது பிறவியிலேயே ஒட்டி வருவதொன்றன்று. பழகிய நாவிற்குப் பழங்கஞ்சியும் அமுதாவது போல, பழகிய செவிக்கே இசை இசையாகின்றது. அவ்வாறு செவியைப் பழக்கும் தொழிலைச் சென்ற நூற்றாண்டின் பெரும்பகுதியில் செய்துவந்தது வானொலி. இன்றோ, கைப்பேசியில் விரலை வைத்த அளவில் பத்துக் கோடிக்கு மேற்பட்ட பாடல்களில் எதனையும் எவரும் கேட்கலாம் என்னும் நிலை வந்துவிட்டது. அங்ஙனமிருந்தும் மலேசியாவில் மின்னல் பண்பலையையும் ராகாவையும், சிங்கப்பூரில் ஒலி 96.8-ஐயும் நம்மவர் கைவிட்டாரில்லை. செம்பனைக் குலை ஏற்றிச் செல்லும் லாரியிலும், முடிதிருத்தும் கடையிலும், சாப்பாட்டுக் கடையின் அடுக்களையிலும் அவை ஒலித்துக்கொண்டே இருக்கின்றன. வேண்டிய பாட்டை வேண்டியபோது பெறக்கூடிய ஒருவன், பிறன் ஒருவன் தேர்ந்தளிக்கும் பாட்டுக்காக ஏன் காத்திருக்கின்றான்? இவ்வினாவிற்கு விடை வரலாற்றில் உளது என்பது எம் துணிபு.

வானொலிக்கு முன் வந்தது இசைத்தட்டு. கிராமபோன் கம்பெனியாரின் ஒலிப்பதிவாளர் பிரெட் கெய்ஸ்பர்க் 1902-ஆம் ஆண்டில் கல்கத்தாவிற்கு வந்து இந்தியப் பாடல்களைப் பதிவு செய்தார். நிமிடத்திற்கு 78 முறை சுழலும் அரக்குத் தட்டின் ஒரு பக்கத்தில் ஏறக்குறைய மூன்று நிமிடத்திற்கே இடமுண்டு. ஒரு மணி நேரம் இராகத்தை விரித்துப் பாடிய வித்துவான்கள் அதனைச் சாறு பிழிந்து மூன்று நிமிடத்திற்குள் அடக்க வேண்டியவராயினர். நாடக மேடையில் புகழ்பெற்ற எஸ். ஜி. கிட்டப்பாவின் குரலும் கே. பி. சுந்தராம்பாளின் குரலும் அவ்வாறே தட்டில் ஏறின. கருவியின் அளவே பாட்டின் அளவை வகுத்தது. இதனை நேயர்கள் நினைவிற் கொள்க. பின்னர் இதனை மீண்டும் எடுத்துப் பேச வேண்டியிருக்கும்.

மலாயாத் தோட்டங்களில் அப்பெட்டியை வாங்கக்கூடியவர் சிலரே. கிராணிமார், பெரிய கங்காணிமார், பட்டணத்துக் கடைக்காரர் என்னும் அளவில் அது நின்றது. லயத்து மக்களுக்கோ வேறு இசை இருந்தது. தாலாட்டும் கும்மியும் ஒப்பாரியும், திருவிழாக் காலத்துக் கூத்தும், பறையும் உறுமியும் அவர்களோடு கப்பலேறி வந்தவை. ஆங்கிலங் கற்று மேசைமுன் அமர்ந்த எம் போன்ற கிராணி வர்க்கத்தார் இவற்றை இசை என்றே எண்ணவில்லை என்பதை மறைப்பானேன்? கொட்டியவன் எச்சாதியான் என்று பார்த்தே கொட்டின் மதிப்பையும் அளந்த காலம் அது. அவ்வழக்கம் முற்றும் ஒழிந்துவிட்டது என்று இன்றுங்கூடத் துணிந்து கூற இயலாது.

மலாயாவிற்கு முதல் வானொலிக் கருவியை 1921-இல் கொண்டுவந்தவர் ஜொகூரில் மின்பொறியாளராயிருந்த ஏ. எல். பர்ச் என்பவர். சில ஆண்டுகள் அது ஆர்வங்கொண்ட சிலரின் பொழுதுபோக்காகவே நின்றது. 1937-இல் சிங்கப்பூர் கால்டிகாட் குன்றில் பிரிட்டிஷ் மலாயா ஒலிபரப்புக் கழகத்தின் நிலையம் திறக்கப்பட்டது. 1940-இல் அரசாங்கமே அதனை ஏற்றுக்கொண்டது. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தபின் அதே ஒலிபரப்பு ஜப்பானியர் கைக்கு மாறி, ஷோனான் நிலையமாயிற்று. சிற்றலையில் வெளிநாட்டுச் செய்தி கேட்பது குற்றமாக்கப்பட்டது. 1943 அக்டோபர் 10-ஆம் நாள் ஜப்பானிய இராணுவப் போலீசார் சாங்கி முகாமில் புகுந்து, மறைத்துவைத்த வானொலிக் கருவிகளைத் தேடினர். அதன் தொடர்பாகச் சிறைப்பட்டோர் 57 பேர். வதையுண்டு மாண்டோர் 15 பேர். அதே மாதம் 21-ஆம் நாள் கேத்தே கட்டடத்தில் சுபாஷ் சந்திர போஸ் சுதந்திர இந்தியத் தற்காலிக அரசாங்கத்தை அறிவித்தார். அவ்வியக்கத்தின் வானொலி தமிழிலும் பேசிற்று. ஒரே ஊரில், ஒரே மாதத்தில், ஒருவனுக்கு உயிரைப் பறித்த பெட்டி மற்றொருவனுக்கு நாட்டைக் காட்டிய பெட்டியாயிற்று.

போர் முடிந்து 1946 ஏப்ரலில் ரேடியோ மலாயா பிறந்தது. மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் என்னும் நால்வகை ஒலிபரப்பு அதில் அமைந்தது. 1948 ஜூனில் அவசரகாலம் பிரகடனஞ் செய்யப்பட்டதும் அரசாங்கத்திற்கு ஓர் இடர் நேர்ந்தது. காட்டோரத்துத் தோட்ட மக்களிடமும், புதுக்கிராமங்களில் கொண்டுவந்து குடியேற்றப்பட்டவர்களிடமும் தன் சொல்லை எவ்வாறு கொண்டு சேர்ப்பது? பத்திரிகை படிக்கத் தெரியாதவர் பலர். கருவி வாங்கப் பணமுள்ளவர் சிலர். ஆகவே பொதுவிடத்தில் வைத்துப் பலரும் கேட்கும் சமூக வானொலிப் பெட்டிகள் தோட்டங்களுக்கும் கிராமங்களுக்கும் வழங்கப்பட்டன. மின்சாரமில்லாத இடங்களில் அவை மின்கலத்தால் இயங்கின.

இப்பெட்டிகளைப் பற்றிச் சிறிது நின்று சிந்திப்பது தகும். அரசாங்கம் அவற்றை வைத்தது பிரச்சாரத்திற்கு. மக்கள் அவற்றின் முன் அமர்ந்தது பாட்டிற்கு. எவனோ ஒரு துரை எழுதித் தந்த செய்தியைப் பொறுத்துக் கொண்டால், அதன் பின்னே ஒரு பாட்டு வரும். பாட்டைத் தேர்வு செய்யும் உரிமை கேட்போர் எவருக்கும் இல்லை. பெட்டியை அணைக்கும் உரிமைகூட அவர்கட்கு இல்லை. ஆயினும் வேறொரு பேறு அதில் இருந்தது. கர்நாடகக் கீர்த்தனத்தைக் கிராணி மட்டும் கேட்பது, தெம்மாங்கைத் தொழிலாளி மட்டும் கேட்பது என்னும் வேலி அங்கே உடைந்தது. பால்மரத்தில் கத்தி வைக்கும் பெண்ணும், மளிகைக் கடைக்காரனும், பள்ளிக்கூடத்து வாத்தியாரும் ஒரே குரலை ஒரே வேளையில் கேட்டனர். பாடியவன் எத்தெருவில் குடியிருப்பவன் என்பது அக்குரலில் எழுதியிருக்கவில்லை. மறுநாள் பெரட்டுக் களத்தில் அப்பாட்டைப் பற்றிப் பேச அனைவர்க்கும் பொதுவான ஒரு செய்தி கிடைத்தது. பிரச்சாரம் எவ்வளவு பலித்தது என்பதை அரசியல் ஆராய்ச்சியாளர் சொல்லட்டும். பாட்டு பலித்தது என்பதற்கு வயது முதிர்ந்த தொழிலாளர் எவரையும் கேட்டு அறியலாம்.

ஆனால் வானொலியைப் போற்றும் ஆவேசத்தில் அதன் அதிகாரத்தை மறந்துவிடலாகாது. எது இசை, எது இசையன்று எனத் தீர்ப்புக் கூறும் நீதிபதியாகவும் அது அமர்ந்தது. இதற்குச் சிறந்த சான்று இந்திய வானொலியின் வரலாறு. தமிழர் அனைவரையும் தொட்ட வரலாறாதலின் அதனைச் சற்று விரித்துக் கூறுவோம்.

அகில இந்திய வானொலி என்னும் பெயர் 1936-இல் ஏற்பட்டது. சென்னை நிலையம் 1938-இலும், திருச்சி நிலையம் 1939-இலும் திறக்கப்பட்டன. 1940 மார்ச்சு முதல் ஆர்மோனியப் பெட்டிக்கு அவ்வானொலியில் தடை விதிக்கப்பட்டது. அது மேனாட்டுக் கருவி. அதன் கட்டைகள் நிலைத்த சுருதி உடையன. நம் இசைக்கு உயிரான கமகம் அதில் பேசாது என்பது தடை செய்தோர் கூறிய காரணம். கவி தாகூரும் அக்கருவியை வெறுத்தவரே. காரணத்தில் உண்மை இல்லாமற் போகவில்லை. எனினும் தமிழ் நாடக மேடையை ஆண்ட கருவி எது? ஊர் ஊராகச் சென்ற நாடகக் குழுவிற்குத் தாளமும் சுருதியும் தந்து, பாடகனுக்கு இளைப்பாற இடமும் தந்தது ஆர்மோனியமன்றோ? ஏழை கேட்ட இசையின் கருவி அது. அதனை மேலோர் ஒரு கையெழுத்தினால் முப்பதாண்டுக் காலம் ஊமையாக்கினர். 1971-இலேதான் அத்தடை தளர்ந்தது.

இதே காலத்தில் மற்றொரு பெருங்கிளர்ச்சி எழுந்தது. தமிழ்நாட்டுக் கச்சேரி மேடைகளில் தெலுங்கும் வடமொழியுமே தலைமை வீற்றிருக்க, தமிழ்ப் பாட்டு இறுதியில் துக்கடாவாக வந்து போயிற்று. பாடுவோரும் கேட்போரும் தமிழராயிருக்கப் பாட்டு மட்டும் ஏன் புரியாத மொழியில் இருத்தல் வேண்டும் என்று கேட்டதே தமிழிசை இயக்கம். 1941-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழிசை மாநாடு கூடிற்று. ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் அதற்கு ஆதரவளித்தார். 1943-இல் சென்னையில் தமிழிசைச் சங்கம் நிறுவப்பட்டது. 'கல்கி' ஆசிரியர் இவ்வியக்கத்திற்காக ஓயாது எழுதினார். இசைக்கு மொழி ஏது என்று எதிர்ப்பாளர் வாதித்தனர். மொழி வேண்டாத இசைக்குத் தெலுங்கு மட்டும் எதற்கு என்பதே அதற்குத் தகுந்த விடை. எம் பார்வையில், அந்நூற்றாண்டில் தமிழர் இசைச் சுவையைப் பற்றி நடந்த வாதங்களில் இதுவே தலையாயது. ஏனெனில் சுவை யாரோ வகுத்தது, ஆகையால் அதனை மாற்றியும் வகுக்கலாம் என்பதை அது வெளிப்பட உரைத்தது.

அடுத்தது 1952-ஆம் ஆண்டு நிகழ்ச்சி. அவ்வாண்டில் இந்திய ஒலிபரப்புத் துறை அமைச்சரான டாக்டர் பி. வி. கேஸ்கர் சாத்திரீய சங்கீதத்தில் பற்று மிக்கவர். திரைப்படப் பாட்டு மக்கள் சுவையைக் கெடுக்கின்றது என்பது அவர் முடிவு. ஆகவே வானொலியில் அதன் அளவு சுருக்கப்பட்டது. படத்தின் பெயரைச் சொல்வது விளம்பரமாகும் என்று அதுவும் நிறுத்தப்பட்டது. சினங்கொண்ட பட முதலாளிகள் தம் பாட்டுகளை ஒலிபரப்பும் உரிமையையே திரும்பப் பெற்றுக்கொண்டனர். சில மாதங்களில் இந்திய வானொலியினின்று திரைப்பாட்டு ஏறத்தாழ மறைந்தது.

மக்கள் என் செய்தனர்? கைக்கெட்டும் தூரத்தில் இருந்த திருகைச் சிறிது திருப்பினர். அவ்வளவே. போர்க்காலத்தில் தென்கிழக்காசியப் படைகளுக்காகக் கொழும்பில் அமைக்கப்பட்ட வலிமை மிக்க சிற்றலை நிலையம், போர் முடிந்தபின் இலங்கை வானொலிக்குக் கிடைத்திருந்தது. 1950-இல் அது வர்த்தக ஒலிபரப்பும் தொடங்கியிருந்தது. டில்லி விலக்கிய பாட்டுகளுக்குக் கொழும்பு சிம்மாசனம் இட்டது. 1952 டிசம்பரில் அமீன் சயானி தொடங்கிய இந்திப் பாட்டு வரிசை நிகழ்ச்சி பம்பாயில் பதிவு செய்யப்பட்டு, கொழும்புக்கு அனுப்பப்பட்டு, அங்கிருந்து மீண்டும் இந்தியா முழுதும் ஒலித்தது என்பதை எண்ணுங்கால் நகைப்பே வருகின்றது. தமிழில் எஸ். பி. மயில்வாகனன் முதலியோரின் குரல்கள் பாக்கு நீரிணைக்கு இப்பாலும் அப்பாலும் வீட்டுக்குரல்களாயின, பின்னாளில் கே. எஸ். ராஜாவும் பி. எச். அப்துல் ஹமீதும் அவ்விடத்தைப் பெற்றனர். முடிவில் டில்லி இறங்கி வந்தது. 1957 அக்டோபர் 3-ஆம் நாள் விவித பாரதி என்னும் மெல்லிசைச் சேவை தொடங்கப்பட்டது. ஐந்தாண்டுக் காலம் ஒரு பேரரசாங்கம் தன் மக்களின் செவியோடு போராடித் தோற்ற கதை இது.

கேஸ்கரைக் கோமாளியாக்கிச் சிரித்துவிட்டுப் போவது எளிது. யாம் அவ்வாறு செய்ய விரும்பவில்லை. வித்துவான்களுக்கு வேலையும், கேட்போருக்கு நல்லிசையும் கொடுக்க வேண்டும் என்று அவர் கருதியது தவறன்று. 1954-இல் அவர் காலத்தில் தொடங்கிய வானொலி இசை மாநாடுகளால் பயனடைந்தோர் பலர். மக்களைக் கேளாமல் மக்களைத் திருத்த முயன்றதே குற்றம். சீர்திருத்தம் பேசும் நம்மவர் சிலருக்கும் இந்நோய் உண்டு.

இலங்கை வானொலியும் நம் நாட்டு வானொலியும் மக்கள் உள்ளத்தில் வேரூன்றியமைக்கு நேயர் விருப்பம் என்னும் நிகழ்ச்சி பெருங்காரணமாகும். ஓர் அஞ்சலட்டையில் பாட்டின் பெயரை எழுதிக் கீழே விரும்புவோர் பெயர்களை வரிசையாகக் கோத்து அனுப்புவது அதன் முறை. பாட்டு மூன்று நிமிடம்; பெயர்ப் பட்டியல் சில வேளைகளில் அதற்குக் குறையாது. இப்பட்டியலைக் கேலி செய்த படிப்பாளிகள் உண்டு. ஆனால் சிந்தியுங்கள்: தோட்டத்துத் தொழிலாளியின் பெயர் எழுத்தில் வந்த இடங்கள் எவை? செக்ரோல் புத்தகத்தில் வந்தது. கடைக்காரனின் கடன் கணக்கில் வந்தது. மதிப்போடு, இனிய குரலில், நாடு முழுதும் கேட்க அவன் பெயரும் அவன் தோட்டத்தின் பெயரும் உரைக்கப்பட்ட இடம் வானொலி ஒன்றே. நாள்தோறும் செக்ரோலில் பெயர் எழுதுவதையே தொழிலாகக் கொண்ட எமக்கு இவ்வேற்றுமை நன்கு புலப்படுகின்றது.

பிற்காலத்துக் கருவிகளைப் பற்றி விரித்துரைக்க வேண்டுவதில்லை. 1954-இல் விற்பனைக்கு வந்த டிரான்சிஸ்டர் வானொலி, பெட்டியைக் கூடத்தினின்று எடுத்துச் சட்டைப்பைக்குக் கொண்டுவந்தது. பிலிப்ஸ் கம்பெனியார் 1963-இல் வெளியிட்ட ஒலிநாடா, வந்து போகும் பாட்டைப் பிடித்து வைக்கும் ஆற்றலைத் தந்தது. 1979-இல் வந்த வாக்மேன், இசையை ஒருவன் செவிக்குள் மட்டும் அடைத்தது. 1976-இல் 'அன்னக்கிளி' வழியே இளையராஜா வந்தபோது, எந்நாட்டுப்புறப் பாட்டை எம் போன்றோர் இழிவென்று ஒதுக்கினோமோ, அதுவே பேரிசைக் குழுவோடு வந்து பட்டணத்து வாயிலைத் தட்டிற்று. கிராணி வீட்டிலும் கதவு திறந்தது.

இதே ஆண்டுகளில் நம் தோட்டங்களும் மாறின. பால்மரம் வீழ்ந்து செம்பனை எழுந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்பிற்கும் ஆலைக்கும் விற்கப்பட்டன. லயங்கள் இடிக்கப்பட்டு மக்கள் பட்டணத்து அடுக்குமாடிகளுக்குச் சிதறினர். இன்று தோட்ட வெளிவேலையில் பெரும்பாலோர் வெளிநாட்டுத் தொழிலாளர். ஒரு பொதுப் பெட்டியைச் சூழ்ந்து அமர ஒரு பொது முற்றமும் இல்லையாயிற்று. சிதறிய மக்களை ஒரே வேளையில் ஒரே குரலால் தொடக்கூடியதாக எஞ்சி நின்றது வானொலியே. அதன் கவர்ச்சி இன்னும் குன்றாமைக்கு இதனையே முதற்காரணமாகக் கொள்வோம்.

இனி இணையத்தைக் காண்போம். சுவீடன் நாட்டில் தோன்றி 2008-இல் வெளிவந்த ஸ்பாட்டிஃபை, 2013 ஏப்ரலில் மலேசியாவிற்கும் சிங்கப்பூருக்கும் வந்தது. அதற்கு முன்னரே யூடியூப் நம்மவர் கைகளில் இருந்தது. இத்தகைய ஸ்ட்ரீமிங் சேவைகளில் தேர்ந்தளிப்பவன் மனிதனல்லன், கணக்கு. ஒருவன் எப்பாட்டை முழுதும் கேட்டான், எதனை நடுவில் தள்ளினான் என்பது குறிக்கப்படுகின்றது. அவனைப் போன்றே கேட்ட பிறர் வேறு எவற்றைக் கேட்டனர் என்று ஒப்பிட்டு, அவற்றை அவன் முன் நீட்டுகின்றது அக்கணக்கு. நாள் செல்லச் செல்ல அவன் முகத்தையே அவனுக்குக் காட்டும் கண்ணாடியாகி விடுகின்றது. எம் தோட்டத்தில் ஓய்வுபெற்ற அம்மையார் ஒருவர், பேரன் வாங்கித் தந்த கைப்பேசியை எம்மிடம் நீட்டி, "கிராணி ஐயா, நேத்துக் கேட்டதையே இன்னிக்கும் போடுது. ஒருவாட்டி கேட்டா அதுதான் புடிக்கும்னு இதுக்கு யாருங்கய்யா சொன்னா?" என்றார். பொறியியல் வல்லார் பலர் பக்கம் பக்கமாக எழுதியதை அவர் ஒரு மூச்சில் கூறிவிட்டார்.

தட்டின் அளவு பாட்டின் அளவை வகுத்தது என்றோமன்றோ? இன்றும் அவ்வாறே. ஸ்பாட்டிஃபை சேவையில் ஒரு பாட்டு 30 நொடி கேட்கப்பட்டாலன்றி அது ஒரு கேட்பாகக் கணக்கிலேறாது. கணக்கிலேறாததற்குக் காசு இல்லை. ஆகையால் பாட்டைத் தொடங்கிய உடனே கேட்போனைப் பிடித்து நிறுத்த வேண்டிய நெருக்கடி பிறந்தது. நீண்ட முன்னிசை இசைத்துப் பின்னர்ப் பல்லவிக்கு வரும் பொறுமை இனி எவருக்கு இருக்கும்? அரக்குத் தட்டு ஆலாபனையைத் தின்றது. அரை நிமிடக் கணக்கு முன்னிசையைத் தின்னுகின்றது.

மற்றொரு கேடும் உளது. அக்கணக்கில் பெருங்கூட்டம் கேட்பதே மேலெழும். சென்னைத் திரைப்பாட்டுக்குக் கோடிக்கணக்கானோர் உளர். மலேசியத் தமிழன் ஆக்கிய பாட்டுக்குக் கேட்போர் எத்துணையர்? 2006-இல் யோகி பி – நட்சத்திரா குழுவினர் வெளியிட்ட 'வல்லவன்' தொகுப்பு, 1980-இல் வந்த 'நிழல்கள்' படத்து இளையராஜா பாட்டு ஒன்றைச் சொல்லிசையாக மாற்றித் தமிழகத்தையே திரும்பிப் பார்க்கச் செய்தது. மலேசியத் தமிழ்ச் சொல்லிசைக்கு அது ஒரு தலைவாயில். உள்ளூர்ப் பாட்டென்று பெயர் சொல்லி, நேரம் ஒதுக்கி, ஆக்கியோனை அழைத்துப் பேச வைக்கும் ஒருவர் இருந்தாலன்றி, அத்தகைய பாட்டு கடலில் கரைந்த பெருங்காயமாகும். அவ்வொருவர் வானொலி நிலையத்தில்தான் அமர்ந்திருக்கின்றார்.

ஆயினும் இணையத்தைப் பழித்து வானொலிக்குப் பரிவட்டம் கட்டுவது எம் நோக்கமன்று. எந்த நிலையமும் ஏறிட்டுப் பாராத உறுமி மேளக் குழுக்கள் இன்று தம் கொட்டைத் தாமே கைப்பேசியில் பதிந்து யூடியூபில் ஏற்றுகின்றன. எவரிடமும் அனுமதி கேட்பதில்லை. கேட்கக் கூட்டமும் சேர்கின்றது. சாதியின் பெயரால் வாயிற்படியில் நிறுத்தப்பட்ட ஓர் இசைக்கு வானொலி எண்பதாண்டில் திறவாத கதவை இணையம் பத்தாண்டில் திறந்தது. இது சிறு நன்மையன்று. வானொலியாரிடம் வேறு குறைகளும் உண்டு. ஒரே இருபது பாட்டைக் காலை மாலை சுழற்றுதலும், தமிழ் பாதி ஆங்கிலம் பாதியாகக் கலந்து பேசுதலும், விளம்பரங்களுக்கிடையே பாட்டைச் செருகுதலும் நேயர்கள் அறியாதனவல்ல. மனிதன் தேர்ந்தெடுக்கின்றான் என்பதே வானொலியின் சிறப்பு. அம்மனிதனும் கணக்கைப் பார்த்தே தேர்ந்தெடுப்பானாயின், கைப்பேசிக்கும் அதற்கும் வேற்றுமை யாது?

இங்கே ஒரு செய்தியைத் தோட்டத்து அன்பர்களுக்கும் பட்டணத்து அன்பர்களுக்கும் தெரிவிக்கக் கடமைப்பட்டுள்ளோம். 1970, 1980-களில் நம்மவர் வீடுகளில் வானொலிப் பாட்டுகளை ஒலிநாடாவில் பதிந்து வைக்கும் வழக்கம் இருந்தது. பாட்டு மட்டும் வேண்டுமென்று பதியத் தொடங்கியபோது, அறிவிப்பாளர் குரலும், விரும்பிக் கேட்ட நேயர் பெயர்களும், அவர்தம் தோட்டங்களின் பெயர்களும் சேர்ந்தே பதிவாயின. அப்பாட்டுகள் இன்று எங்கும் கிடைக்கும், அவ்வறிவிப்புகள் கிடையா. அவற்றில் உரைக்கப்பட்ட தோட்டங்கள் பல இன்று நில வரைபடத்திலும் இல்லை. நம் நாட்டு ஈரக்காற்றில் ஒலிநாடாவில் பூஞ்சணம் விரைவில் பிடிக்கும். பழைய பெட்டியை ஒழிக்கும்போது அந்நாடாக்களைக் குப்பையில் எறியாது, ஓட்டிப் பார்த்து, பாட்டு முடிந்து அடுத்தது தொடங்குமுன் உள்ள பேச்சை மட்டுமேனும் கைப்பேசியில் பதிந்து வைப்பார்களாக. எம்மிடம் இதுகாறும் பதினொரு நாடாக்கள் வந்துள்ளன. அவற்றுள் நான்கு ஓடவில்லை.